நிறத்தைப் பார்க்கும் முன் கோட்டைப் பாருங்கள்

பத்து வருஷத்துக்கு முன் ஓர் இரவு டூட்டியில் என் கன்சோலில் ஒட்டகம் வந்தது. பக்கவாதத்தோடு வந்த ஒரு பெரியவருக்குப் பெர்ஃப்யூஷன் சி.டி., அதாவது மூளைக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் ஸ்கேன், எடுத்து முடித்திருந்தேன். ரத்தம் படத்தில் தெரிவதற்காக ஊசியில் ஏற்றும் மருந்து தமனியில் வந்து போவதைக் காட்டும் கோடு ஒரே மேடாக ஏறி இறங்க வேண்டும். எனக்கு ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறி இறங்கியிருந்தது, இரட்டைத் திமில் ஒட்டகம் மாதிரி. அதை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. கணினி போட்டுக்கொடுத்த நிறப்படம் பளிச்சென்று இருந்ததால் அதை மட்டும் டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. "மேடம், ரெண்டு பக்கமும் ரத்தம் சரியா போகலைன்னு படம் சொல்லுது. இவரு என்னடான்னா ஒரு பக்கம் கை காலை நல்லா ஆட்டிக்கிட்டு என்னைத் திட்டுறாரு. கர்வ் கோட்டை அனுப்புங்க."

காரணம் ரொம்பச் சின்னது. மானிட்டரின் பி.பி. கஃப்பை, மருந்து ஏற்றுகிற அதே கையில் கட்டியிருந்தோம். மருந்து பாதி போகும்போது கஃப் தானாக ஊதி நரம்பை இறுக்கிவிட்டது. இளகியதும் மிச்சம் போயிற்று. அதுதான் இரண்டாவது மேடு. நல்லவேளையாக, ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோ படம் தெளிவாக இருந்ததால் டாக்டர்கள் அதை வைத்து முடிவெடுத்தார்கள். அந்த வாரமே கன்சோல் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டினேன்: "கஃப் எந்தக் கை?" வேலை மாறிப் போன இடத்திலும் அதே சீட்டை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நான் சென்னை சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சுக்குள் இருக்கும் பார்னார்டு ரேடியாலஜி இன்ஸ்டிட்யூட்டில் படித்தவள். 1934-ல் தொடங்கிய இடம் அது. எங்கள் காலத்தில் மூளை சி.டி. என்றாலே சாதா சி.டி.தான். இன்று ஆவடியிலும் தாம்பரத்திலும் வேலைக்குச் சேர்கிற பிள்ளைகள் முதல் மாதமே பெர்ஃப்யூஷன் எடுக்க வேண்டியிருக்கிறது. மெஷின் கம்பெனிக்காரர் வந்து பட்டனைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். மற்றதை யாராவது சொல்லித்தர வேண்டும். இது அவர்களுக்காக எழுதியது. வீட்டில் யாருக்காவது ஸ்ட்ரோக் வந்து, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து "உள்ளே இவ்வளவு நேரம் என்ன செய்கிறார்கள்" என்று தவிக்கிறவர்களும் படிக்கலாம்.

என்ன அளக்கிறோம்

நம் ஊர்க்காரர்களுக்கு இதைக் குழாய்த் தண்ணீரை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். தெருவுக்கு மெட்ரோ வாட்டர் திறந்துவிடுகிறார்கள். ஒரு நிமிஷத்துக்கு உங்கள் குழாயில் எத்தனை குடம் பிடிக்க முடிகிறது? அது சி.பி.எஃப்., அதாவது ரத்த ஓட்டம். உங்கள் வீட்டுக் குழாய்களுக்குள் மொத்தம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது? அது சி.பி.வி., ரத்த அளவு. உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக எவ்வளவு நேரம் பிடிக்கிறது? அது எம்.டி.டி. அளவை ஓட்டத்தால் வகுத்தால் இந்த நேரம் வரும். அப்புறம் டீமேக்ஸ்: ஐந்து மணிக்குத் தண்ணீர் திறந்தால் தெருமுனை வீட்டுக்கு ஐந்தேகாலுக்குத்தானே வருகிறது, அந்தத் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் போகும். 20-க்குக் கீழே இறங்கினால் அந்த இடம் வேலையை நிறுத்திவிடும், ஆனால் செத்துப்போகாது. கை விழுந்துவிடும், பேச்சு குழறும், செல்கள் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும். 10-ஐ ஒட்டி வந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். செத்த பகுதியைக் கோர் என்கிறோம். அதைச் சுற்றி உயிரோடு தவிக்கிற பகுதியைப் பெனம்ப்ரா என்கிறோம். பெனம்ப்ராவில் ரத்தக்குழாய்கள் தங்களால் முடிந்தவரை விரிந்து கொடுக்கும். அதனால் அங்கே ஓட்டம் குறைந்திருந்தாலும் ரத்த அளவு சரியாகவோ கொஞ்சம் அதிகமாகவோகூட இருக்கும். கோரில் இரண்டுமே விழுந்துவிடும். படத்தைப் படிப்பதன் அடிப்படை இந்த ஒரு வித்தியாசம்தான்.

பெரிய குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்கு 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன என்று 2006-ல் ஒரு கணக்கு போட்டார்கள். அது சராசரி. சிலருக்குச் சந்து பொந்து வழியாக ரத்தம் வந்து காப்பாற்றிக்கொண்டே இருக்கும், சிலருக்கு அந்தச் சந்தே இருக்காது. அண்ணா சாலையை அடைத்தால் சந்து தெரிந்த ஆட்டோக்காரர் எப்படியும் வந்து சேருவார், தெரியாதவர் சிக்னலிலேயே நிற்பார். யாருக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த ஸ்கேன்.

மெஷினில் ஏற்றும் முன்

முதல் கேள்வி, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? எப்போது விழுந்தார் என்று கேட்காதீர்கள். தூக்கத்தில் வந்த ஸ்ட்ரோக்குக்கு அதில் பதில் கிடையாது. வீட்டார் பதற்றத்தில் மணி சொல்ல மாட்டார்கள். "ராத்திரி சீரியல் பார்த்தாரா? எந்த சீரியல்? முடியிற வரைக்கும் இருந்தாரா?" என்று கேளுங்கள், நிமிஷக் கணக்கில் வரும். அந்த நேரத்தைப் படிவத்தில் எழுதுங்கள், உங்கள் கையெழுத்திலேயே.

மருந்து அலர்ஜி உண்டா, சர்க்கரை மாத்திரை எது, சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்த ரிப்போர்ட் வரட்டும் என்று ஸ்ட்ரோக் நோயாளியை நிறுத்தி வைப்பது இப்போது வழக்கமில்லை. காத்திருப்பதா வேண்டாமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், லேப் பையன் இல்லை.

ஊசி விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. பச்சை வென்ஃப்ளான் (நரம்பில் குத்தி வைக்கும் குழாய் ஊசி), முழங்கை மடிப்பில், முடிந்தால் வலது கை. பச்சை என்றால் 18 கேஜ். கிடைக்காவிட்டால் பிங்க், அதாவது 20. வார்டிலிருந்து புறங்கையில் நீலத்தையோ மஞ்சளையோ குத்தி அனுப்பினால் திருப்பிப் போடச் சொல்லுங்கள். சிஸ்டர் கோபப்படுவார், படட்டும். வினாடிக்கு 5 மில்லி வேகத்தில் தள்ளப்போகிற மருந்தை அந்த மெல்லிய ஊசி தாங்காது. வலது கை ஏன் என்றால், இடது கையிலிருந்து வரும் பெரிய சிரை மார்பெலும்புக்கும் மகாதமனிக்கும் நடுவில் நசுங்கிப் போகிறது. வயதானவர்களுக்கு மருந்து அங்கே தேங்கி, கழுத்துப் பக்கம் திரும்பி ஏறும். மருந்து சிதறி வந்தால் கோடும் தட்டையாகிவிடும்.

விழுந்த கையில்தான் நரம்பு கிடைத்தது என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மருந்து வெளியே கசிந்தாலும் அவருக்கு வலி தெரியாமல் போகலாம். முதலில் 10 மில்லி சலைனைக் கையால் தள்ளி, ஊசி முனைக்கு மேலே இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். வீங்குகிறதா, சில்லென்று பரவுகிறதா? இரண்டும் இல்லையென்றால்தான் இன்ஜெக்டரை மாட்ட வேண்டும். கஃப் மறு கையில். சொல்லிவிட்டேன்.

காண்ட்ராஸ்ட், அதாவது இந்த மருந்து, பாட்டிலோடு ஏ.சி. அறையில் கிடந்தால் பாகு மாதிரி கெட்டியாகிவிடும். உடம்புச் சூட்டுக்குச் சூடேற்றி வையுங்கள். ட்யூபில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று விளக்குக்கு நேரே தூக்கிப் பாருங்கள். அவசரத்தில் முதலில் மறப்பது இதைத்தான்.

கம்மல், ஜிமிக்கி, கொண்டை ஊசி, பல் செட் எல்லாம் கழற்ற வேண்டும். உலோகத்திலிருந்து படம் முழுக்கக் கோடு கோடாகக் கிளம்பும். மல்லிகைப்பூ இருந்தால் இருக்கட்டும், அதில் குத்தியிருக்கும் ஊசிதான் வில்லன். மூக்குத்தி மட்டும் சில பாட்டிகளுக்கு ஐம்பது வருஷமாகக் கழற்றாமல் திருகாணி இறுகிப் போயிருக்கும். அதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். பெர்ஃப்யூஷன் எடுக்கும் அடுக்கு மூக்குக்கு மேலேதான் இருக்கிறது.

மூன்று படம்

எங்கள் இடத்தில் முதலில் சாதா சி.டி., பிறகு ஆஞ்சியோ, கடைசியில் பெர்ஃப்யூஷன். சில இடங்களில் பின்னிரண்டும் மாறி வரும். எந்த வரிசையானாலும் முதல் மருந்து போன உடனே அடுத்ததை ஆரம்பிக்காமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் கோட்டின் அடிமட்டமே உயரத்தில் தொடங்கும்.

சாதா சி.டி.யின் முதல் வேலை ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்வது. சி.டி.யில் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற எண்ணால் சொல்வோம்: புது ரத்தம் 50-லிருந்து 70 வரை வெள்ளையாகத் தெரியும், தண்ணீர் பூஜ்யம், மூளை இரண்டுக்கும் நடுவில் 30-ஐ ஒட்டி. மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் வித்தியாசம் பத்து எண்கூட இருக்காது. அதனால் விண்டோவை, அதாவது திரையில் காட்டும் எண்களின் வரம்பை, 40-க்கு 40 என்று குறுக்கிப் பாருங்கள். வழக்கமான விண்டோவில் ஒளிந்துகொள்ளும் ஆரம்ப மாற்றம் அதில் எட்டிப் பார்க்கும். நடு மூளைத் தமனி ஒரு பக்கம் மட்டும் வெள்ளைக் கயிறு மாதிரி தெரிந்தால் அது உள்ளே உறைந்த கட்டி. மூளை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் போடும் ஆஸ்பெக்ட்ஸ் கணக்கை டாக்டர் போடுவார். நீங்களும் போட்டுப் பாருங்கள், கண் பழகும்.

வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க, அப்புறம் ஏன் ஐ.சி.யூ.ல போட்டாங்க?" என்று மாதத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்பார்கள். முதல் சில மணி நேரத்தில் அடைப்பு வகை ஸ்ட்ரோக் சாதா சி.டி.யில் தெரியாமல் இருப்பது சகஜம். 'ஒன்றுமில்லை' என்றால் ரத்தக்கசிவு இல்லை என்று அர்த்தம். அடைப்பைக் கரைக்கும் மருந்து கொடுக்க வழி இருக்கிறது என்ற நல்ல செய்தி அது. ஸ்ட்ரோக்கே இல்லை என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள்.

ஆஞ்சியோ பற்றி நீட்ட வேண்டியதில்லை. மகாதமனி வளைவிலிருந்து உச்சந்தலை வரை எடுங்கள். கழுத்தை விட்டுவிட்டு எடுத்தால், மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியான கரோட்டிட்டின் சுருக்கம் தெரியாமல் போகும். அது தெரியாவிட்டால் பெர்ஃப்யூஷனில் ஏமாறுவோம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த ஒரு நிமிஷம்

பெர்ஃப்யூஷன் என்பது ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் படம்பிடிப்பது. 40-லிருந்து 50 மில்லி வரை மருந்து, வினாடிக்கு 5 மில்லி, பின்னாலேயே அதே வேகத்தில் 30, 40 மில்லி சலைன். ட்யூப் வோல்டேஜ் 80 கிலோவோல்ட். குறைந்த வோல்டேஜில் மருந்திலுள்ள அயோடின் நன்றாகப் பிரகாசிக்கும், கதிரும் குறையும். படம் கொரகொரவென்று இருக்கிறதே என்று எம்.ஏ.எஸ்.ஸை, அதாவது கதிரின் அளவை, ஏற்றாதீர்கள். நமக்கு அழகான படம் வேண்டாம், வினாடிக்கு வினாடி எண் எப்படி மாறுகிறது என்பதே போதும்.

இதில் விளையாட்டு கூடாது. 2009-ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் பெர்ஃப்யூஷன் செட்டிங்கைத் தவறாக மாற்றியதால், அரை கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) போக வேண்டிய இடத்தில் 3, 4 கிரே போயிருந்தது. 200 பேருக்கு மேல் பாதிப்பு, ஒன்றரை வருஷம் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நோயாளிக்குத் தலைமுடி கொட்டிய பிறகுதான் வெளியே வந்தது. ஸ்டார்ட் பட்டனுக்கு முன் திரையில் எவ்வளவு கதிர் போகப்போகிறது என்று காட்டும் சி.டி.டி.ஐ. எண் ஒன்று வரும், அதை வாய்விட்டுப் படியுங்கள். நான் இன்றும் படிக்கிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

பழைய 64 ஸ்லைஸ் மெஷினில் ஒரே நேரத்தில் 4 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். மேசையை முன்னும் பின்னும் ஓட்டினால் 8 வரை வரும். 16 சென்டிமீட்டர் மெஷின் இருந்தால் முழு மூளையும் வந்துவிடும், உங்களுக்கு அதிர்ஷ்டம். சின்ன மெஷினில் அடுக்கை எங்கே வைப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது. நடு மூளைத் தமனியின் பகுதி முழுக்க வர வேண்டும். அதே அடுக்கில் முன் மூளைத் தமனி ஒன்றும், பின்பக்கம் பெரிய சிரையும் வர வேண்டும். தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்தால் கண் வெளியே தப்பிக்கும்.

மருந்து உள்ளே போகும்போது உடம்பெங்கும் குப்பென்று சூடு பரவும், சிறுநீர் போய்விட்ட மாதிரி இருக்கும். இதை முன்பே சொல்லாவிட்டால் நோயாளி அந்த வினாடியில் திடுக்கிட்டுத் தலையைத் திருப்புவார். சரியாக மருந்து மூளைக்கு வரும் வினாடி அது. "ஐயா, சூடா இருக்கும், ஒண்ணுக்கு போன மாதிரி தோணும், போகாது. தலையை மட்டும் ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கண்ணைப் பாருங்கள். இடது மூளை அடிபட்டவர்களுக்கு நாம் பேசுவதே புரியாமல் இருக்கலாம். அவர்களிடம் கத்திப் பயன் இல்லை. என் தலையை நானே இரண்டு கையால் பிடித்துக் காட்டி, "இப்படி" என்று சைகை செய்வேன், பெரும்பாலும் வேலை செய்யும். அதற்கு மேல் நெற்றியில் ஸ்ட்ராப், இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச்.

வயதானவர், இதயம் பலவீனம், துடிப்பு ஒழுங்கில்லை என்றால் மருந்து தாமதமாக வந்து தாமதமாகப் போகும். வழக்கமான நேரத்தில் நிறுத்தினால் கோடு இறங்குவதற்குள் படம் முடிந்துவிடும், ரத்த அளவு குறைவாகக் கணக்காகும். அவர்களுக்கு இன்னும் பத்துப் பதினைந்து வினாடி கூட்டி எடுக்கலாமா என்று ரேடியாலஜிஸ்ட்டிடம் முன்பே கேட்டு புரோட்டோகாலில் சேர்த்து வையுங்கள்.

கோடு

இங்கேதான் நான் அன்று கோட்டை விட்டேன், அதனால் நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

மென்பொருள் இரண்டு இடத்தைத் தேர்ந்தெடுக்கும். தமனிக்கு ஒன்று: முன் மூளைத் தமனி, அல்லது நல்ல பக்கத்து நடு மூளைத் தமனி. சிரைக்கு ஒன்று: தலையின் பின்பக்கப் பெரிய சிரை. இரண்டுக்கும் கோடு போட்டுக் காட்டும். இப்போதெல்லாம் தானாகவே தேர்ந்தெடுத்துவிடுகிறது, நாம் திறந்துகூடப் பார்ப்பதில்லை. திறந்து பாருங்கள்.

அடிமட்டம் முதல் சில வினாடிகளுக்குத் தரையாக இருக்கிறதா? தரையே இல்லாமல் ஏற்றத்தில் தொடங்கினால் ஸ்கேனைத் தாமதமாக ஆரம்பித்திருக்கிறோம். தமனிக் கோடு முதலில் ஏறி முதலில் இறங்க வேண்டும். சிரை சில வினாடி கழித்து வரும், ஆனால் உயரமாக நிற்கும், ஏனென்றால் அது அகலமான குழாய், பக்கத்துத் திசு கலப்பதில்லை. சிரை முதலில் ஏறுகிறது என்றால் இரண்டும் இடம் மாறிவிட்டன. இரண்டு கோடும் இறங்கி முடிகின்றனவா, பாதியில் அறுந்து நிற்கின்றனவா? கோடு ரம்பப்பல் மாதிரி குதித்தால் தலை ஆடியிருக்கிறது. படங்களைச் சினிமா மாதிரி ஓட்டிப் பாருங்கள், எந்த வினாடியில் ஆடினார் என்று தெரியும். அந்தச் சில படங்களை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்பக் கணக்குப் போட வழி உண்டு. ஒட்டகம் வந்தால் கஃப்பைப் பாருங்கள்.

கோடு கெட்டிருந்தாலும் மென்பொருள் நிறப்படம் போடாமல் விடாது. அதற்கு வெட்கம் கிடையாது. இந்தச் சோதனைக்கெல்லாம் எனக்கு நாற்பது வினாடி ஆகிறது.

கோடு சரியாக இருந்தால் எண்களுக்கு வாருங்கள். நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டு ஓட்டம் 30 சதவீதத்துக்குக் கீழே விழுந்த இடம் கோர். டீமேக்ஸ் 6 வினாடிக்கு மேல் தாமதமான இடம் மொத்த ஆபத்துப் பகுதி. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் காப்பாற்றக்கூடியது வரும். அதற்கு மிஸ்மேட்ச் என்று பெயர்.

ஒரு ஆயாவைச் சொல்கிறேன். வியாசர்பாடியில் பூக்கட்டி விற்பவர், எழுபது வயதிருக்கும். ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவர், காலை ஆறு மணிக்குப் பேத்தி எழுப்பும்போது இடது கை கால் அசையவில்லை, வாய் கோணியிருந்தது. 108-ல் எட்டரைக்கு எங்களிடம் வந்தார். பத்தரை மணி நேரம் ஆகிவிட்டது. கரைக்கும் மருந்துக்கு 1995-ல் 3 மணி நேரம் என்றார்கள், 2008-ல் அதை நாலரை ஆக்கினார்கள். பழைய காலமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வலது நடு மூளைத் தமனி அடியோடு அடைப்பு. பெர்ஃப்யூஷனில் கோர் 14 மில்லி, டீமேக்ஸ் பகுதி 88 மில்லி. கழித்தால் 74, வகுத்தால் ஆறுக்கு மேல்.

2018-ல் வந்த டிஃபியூஸ் 3 ஆய்வு, 6-லிருந்து 16 மணி நேரத்துக்குள் வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் அளவுகோலாக வைத்தது: கோர் 70 மில்லிக்குக் கீழ், வித்தியாசம் குறைந்தது 15 மில்லி, விகிதம் குறைந்தது 1.8. டான் ஆய்வு கோரின் அளவையும் நோயாளியின் நிலைமையையும் ஒப்பிட்டு 24 மணி நேரம் வரை போனது. இரண்டிலும் கட்டியைக் கம்பி வைத்து இழுத்து எடுத்தவர்கள், மருந்து மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஆயாவை, கட்டியை எடுக்கும் கேத் லேபுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூக்குத்தியோடுதான்.

படம் பொய் சொல்லும் இடங்கள்

கழுத்தில் கரோட்டிட் பல வருஷமாகச் சுருங்கியிருந்தால் அந்தப் பக்கம் முழுவதும் ரத்தம் தாமதமாகத்தான் வரும். டீமேக்ஸ் படம் பாதி மூளையையும் ஆபத்துப் பகுதி என்று வண்ணம் அடித்துவிடும். மூளை அதற்கு எப்போதோ பழகியிருக்கும். கழுத்தையும் சேர்த்து எடுக்கச் சொன்னது இதற்குத்தான். வலிப்பு வந்தவருக்கு ஸ்ட்ரோக் மாதிரியே கை விழுந்திருக்கலாம், ஆனால் படத்தில் ரத்தம் குறைவதற்குப் பதில் கூடியிருக்கவும் கூடும். பழைய ஸ்ட்ரோக்கின் வடு ரத்தம் இல்லாமல்தான் இருக்கும், அதைப் புதுக் கோர் என்று எண்ணாமல் சாதா சி.டி.யோடு ஒப்பிட வேண்டும். மூளையின் ஆழத்தில் வரும் கடுகளவு அடைப்புகளும் சிறுமூளை, மூளைத்தண்டுப் பகுதியில் வருபவையும் பெர்ஃப்யூஷனில் தப்பிவிடும். படம் சுத்தம், ஆள் தள்ளாடுகிறார் என்றால் ஆளை நம்புங்கள்.

இன்னொன்று, ரொம்பச் சீக்கிரம் வந்தவர்களுக்குக் கோர் பெரிதாகக் காட்டலாம், அடைப்பை உடனே எடுத்துவிட்டால் மறுநாள் அதில் ஒரு பகுதி பிழைத்திருக்கலாம். எண் பெரிதாக இருக்கிறதே என்று நாமாக வீட்டாரிடம் முகத்தைத் தொங்கப்போடக் கூடாது. பேசாமல் படத்தை அனுப்பிவிட்டு வாருங்கள்.

எம்.ஆர்.ஐ.

கோரை உறுதியாகப் பார்க்க வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படத்துக்கு ஈடு கிடையாது. அடைப்பு வந்த நிமிஷங்களிலேயே வெள்ளையாக எரியும், அதோடு சேர்ந்து வரும் ஏ.டி.சி. படத்தில் அதே இடம் கறுப்பாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் புதியது. டிஃப்யூஷனில் தெரிந்து, ஃபிளேர் என்ற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் இன்னும் தெரியவில்லை என்றால் நாலரை மணி நேரத்துக்குள் வந்தது என்று ஏறக்குறைய சொல்லலாம், தூங்கி எழுந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

ரத்த ஓட்டத்துக்கு இங்கே இரண்டு வழி. எம்.ஆர்.ஐ.க்கான காண்ட்ராஸ்ட் மருந்தான காடோலினியத்தை ஏற்றி எடுப்பது ஒன்று. ஏ.எஸ்.எல். என்பது மற்றொன்று, அதில் ஊசியே வேண்டாம். கழுத்தில் போகிற ரத்தத்தின் நீரையே காந்தத்தால் அடையாளம் வைத்து, இரண்டு வினாடி போல விட்டு மூளையில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்ப்பார்கள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வரம். தாமதமாக வரும் ரத்தம் அந்த இரண்டு வினாடிக்குள் திசுவுக்குப் போய்ச் சேராது, குழாயிலேயே நிற்கும். படத்தில் இருட்டுக்கு ஓரமாகப் பளிச்சென்று புழு மாதிரி தெரியும். கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள், சந்து வழியாக ரத்தம் வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

காந்த அறைக்கு முன் தாலிப் பிரச்சினை வரும். தங்கத்தைவிட அதில் கோத்திருக்கும் சேஃப்டி பின்தான் ஆபத்து, ஆனாலும் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். "கழட்ட மாட்டேன்" என்று அந்தம்மா அழுதால் விதிமுறையை ஒப்பிக்காதீர்கள். மஞ்சள் துண்டு கட்டிய நூல் ஒன்றை மாமியார் கையாலேயே முதலில் கட்டச் சொல்லுங்கள், அப்புறம் தாலியைக் கழற்றலாம். என் டிராயரில் நூல் உருண்டையும் விரலி மஞ்சளும் எப்போதும் இருக்கும்.

மறுநாள்

கட்டியை எடுத்தவருக்கும், கரைக்கும் மருந்து கொடுத்தவருக்கும் 24 மணி நேரத்தில் ஒரு சாதா சி.டி. உண்டு. ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கேத் லேபில் கொடுத்த காண்ட்ராஸ்ட் திசுவில் ஊறி வெள்ளையாக நிற்கும், ரத்தம் மாதிரியே ஏமாற்றும். இரண்டு வோல்டேஜில் எடுக்கும் டூயல் எனர்ஜி மெஷின் இருந்தால் அயோடினைப் பிரித்துக் காட்டிவிடும். இல்லாவிட்டால் அடுத்த நாள் இன்னொரு படம்: மருந்து கரைந்துவிடும், ரத்தம் நிற்கும். அடைப்பு திறந்த பகுதியில் சில நாட்களுக்கு ரத்தம் தேவைக்கு மேல் பாய்வதும் உண்டு. அப்போது பெர்ஃப்யூஷன் எடுத்தால் ஓட்டம் நல்ல பக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் திசு பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

ஆயாவை மறுநாள் காலை பத்து மணிக்குக் கொண்டுவந்தார்கள். இடது கையைத் தானே தூக்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து என் தலையக் கட்டிப் போட்டவதானே நீ?" வார்த்தை கொஞ்சம் குழறியது, கோபம் குழறவில்லை.

"ஆமா ஆயா. இன்னிக்கும் போடவா?"

"வேணாம். நானே ஆடாம கெடக்குறேன்."

போட்டுத்தான் எடுத்தேன்.